வோல்க்ஸ்ரஸ்ட்: எல்லைக்கோட்டில் பிழைத்த ஒரு சிற்றூர்

செழியன்_தஞ்சை

தென்னாப்பிரிக்காவில் காந்தி என்றதுமே எல்லாரும் நேராக பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்துக்குப் போய்விடுகிறோம். அவரைத் திரும்பத் திரும்பப் பிடித்து உள்ளே வைத்த ஊர் அது இல்லை. கைதியாக அவர் மண் வெட்டிய ஊர், 2,000 பேருக்கு மேல் அவரோடு நடந்து நுழைந்த ஊர், எல்லாமே வோல்க்ஸ்ரஸ்ட்தான். நம்மவர்கள் யாரும் இதைப்பற்றித் தனியாக எழுதிப் பார்த்ததில்லை. அதனால் இந்த இழை.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தென்கிழக்கே சுமார் 240 கி.மீ. ம்புமலாங்கா மாகாணத்தின் கடைசி ஊர் என்றே சொல்லலாம், தாண்டினால் குவாசூலு-நேட்டால். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். மரம் குறைவு, கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. மக்காச்சோளம், செம்மறி, கறவை மாடு. என்11 நெடுஞ்சாலையில் வருகிற லாரிகள் இந்த ஊரைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

ஊர் பிறந்தது ஒரு சண்டைக்குப் பிறகு. 1881 பிப்ரவரி 26 இரவு பிரிட்டிஷ் ஜெனரல் ஜார்ஜ் காலி, பக்கத்திலிருக்கும் மஜூபா மலை உச்சிக்குச் சில நூறு சிப்பாய்களோடு ஏறினார். பீரங்கி கொண்டுபோகவில்லை. ஏறிய பிறகு பதுங்குகுழியும் வெட்டவில்லை, அவ்வளவு நம்பிக்கை. விடிந்ததும் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர் விவசாயிகள் பாறைக்குப் பாறை ஒளிந்து மேலே வந்து சுட்டதில் காலியே செத்துப்போனார். போயர் தரப்பில் இழப்பு விரல்விட்டு எண்ணக்கூடியது. அடுத்த மாதமே சமாதானம், போயர்களின் நாடான டிரான்ஸ்வாலுக்குச் சுயாட்சி. 1888இல் டிரான்ஸ்வால் அரசு எல்லையோரப் பண்ணை நிலங்களை அளந்து இந்த ஊரை அமைத்தது. பெயருக்கு 'மக்களின் ஓய்விடம்' என்று பொருள். மஜூபா சண்டை முடிந்து போயர் படை இளைப்பாறிய இடம் என்பதால் வந்தது என்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: அந்த நாட்டுச் சிற்றூர்களில் பல ஒரு டச்சு சீர்திருத்த சபை கோயிலைச் சுற்றி வளர்ந்தவை. இங்கேயும் கோயில் உண்டு, ஆனால் ஊருக்குச் சோறு போட்டது எல்லைக்கோடு. சுங்கம், ரயில், போலீஸ், நீதிமன்றம், சிறை என்று எல்லாமே அந்தக் கோட்டால் வந்த பிழைப்பு. போய்ப் பார்த்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

முத்து_டர்பன்

செழியன், வோல்க்ஸ்ரஸ்ட்டை மட்டும் தனியாகப் பேச முடியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம், நடந்தே போகிற தூரத்தில், சார்லஸ்டவுன் இருக்கிறது. பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் ஆளுநராக இருந்த சர் சார்லஸ் மிட்செல் பெயரில் வந்த ஊர். இரண்டும் ஜோடி. ஒன்று டிரான்ஸ்வாலின் வாசற்படி, மற்றது நேட்டாலின் வாசற்படி.

டர்பனிலிருந்து கிளம்பிய ரயில் பாதை லெய்ங்ஸ் நெக் கணவாயைக் குடைந்து 1891இல் சார்லஸ்டவுனுக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஜோகன்னஸ்பர்க் போக வேண்டுமானால் குதிரை வண்டிதான். 1893 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறக்கிவிடப்பட்ட காந்தி, மறுநாள் வேறு ரயில் பிடித்து அடுத்த நாள் காலையில் சார்லஸ்டவுனில் இறங்கினார். வெள்ளைக்காரப் பயணிகளோடு வண்டிக்குள் உட்கார விடவில்லை, வண்டியோட்டி பக்கத்தில் வெளியே உட்கார வைத்தார்கள். எல்லை தாண்டி பார்டகோப் வந்ததும் வண்டியின் பொறுப்பாளருக்கு அந்த இடம் வேண்டியிருந்தது, சுருட்டுப் பிடிக்க. கால் வைக்கிற பலகையில் ஒரு சாக்கை விரித்து அங்கே உட்காரச் சொன்னார். மறுத்ததற்கு அடி. ரயில் நிலையத்தில் குளிரில் நடுங்கியதுதான் நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்தது. கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு உதை வாங்கியது இந்தப் பாதையில்தான்.

1895 கடைசியில் பாதை டிரான்ஸ்வாலுக்குள் இணைந்துவிட்டது. இறங்கி வண்டி மாறுகிற வேலை இல்லாமல் போனதும் சார்லஸ்டவுனுக்குச் சரிவு தொடங்கியது. வோல்க்ஸ்ரஸ்ட் ரயில் சந்திப்பாகவும் நிர்வாக ஊராகவும் பிழைத்துக்கொண்டது.

கனகா_சே

இருவருமே காந்தியில் தொடங்கி காந்தியில் முடிக்கிறீர்கள். எல்லைக்கோடு என்று சொல்லிவிட்டு, அது யாருக்குக் கோடு என்று கேட்காமல் விட்டால் எப்படி?

1902இல் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த இரண்டாவது போர் முடிந்ததும் இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் கொடிதான். 1910இல் ஒரே நாடு, ஒரே நாடாளுமன்றம். சரக்குக்கும் வெள்ளையருக்கும் அன்றோடு கோடு அழிந்தது. இந்தியருக்கு அழியவில்லை. நேட்டாலில் பிறந்த தமிழ்ப் பெண் டிரான்ஸ்வாலுக்குள் கால் வைத்தால் குற்றம். மாகாணம் விட்டு மாகாணம் போக இந்தியருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற ஏற்பாடு 1970கள் வரை நீடித்தது. ஊருக்கு வெளியே ஓடுகிற ஒரு சின்ன ஓடைதான் எல்லை, ஒரு வெள்ளைக்கார விவசாயி மாட்டை ஓட்டிக்கொண்டு யாரையும் கேட்காமல் தாண்டலாம்.

அதனால்தான் சட்டத்தை மீறிச் சிறை போக நினைத்தவர்கள் எல்லாரும் இங்கே வந்தார்கள். 1908இல் சொராப்ஜி ஷாபுர்ஜி இந்த எல்லையில்தான் குடியேற்றச் சட்டத்தைச் சோதித்துப் பார்த்தார். அதே ஆண்டு அக்டோபரில் காந்திக்கு இங்கே 2 மாதம் கடுங்காவல். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபா உட்பட 16 பேர் இங்கே பிடிபட்டு 3 மாதம் உள்ளே போனார்கள். எதிர்த்திசையில் டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நேட்டாலுக்குள் நுழைந்தபோது பிடிக்கவில்லை. பிடிக்காததுதான் அரசாங்கத்துக்கு வினையாகிப்போனது. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் லயன் லயனாக ஏறி இறங்கிப் பேசினார்கள். அக்டோபர் நடுவில் சுரங்கம் நின்றது.

ஏன் நின்றது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல் தங்கினால் வருடம் 3 பவுண்டு தலைவரி. 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங், அதாவது அந்த முதல் வருடக் கூலியில் 6 மாதம். கணவன், மனைவி, வயசுக்கு வந்த பிள்ளை என்று வீட்டுக்கு வீடு பெருக்கிப் பாருங்கள்.

பாய்லர்_மணி

வரலாற்றாளர்கள் மன்னிக்கணும், நான் கொதிகலன் ஆள். ஒப்பந்த வேலைக்காக மஜூபா மின்நிலையப் பக்கம் இருந்தவன். மளிகைக்கும் டாக்டருக்கும் வோல்க்ஸ்ரஸ்ட்தான் வருவோம்.

இன்றைக்கு அந்தப் பகுதியின் பேச்சு எல்லையோ போரோ இல்லை, நிலக்கரி. மஜூபா 4,110 மெகாவாட், 6 அலகுகள். 1996க்கும் 2001க்கும் இடையில் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியவை. கூத்து என்னவென்றால், பக்கத்துச் சுரங்கத்தை நம்பித்தான் நிலையத்தையே அங்கே கட்டினார்கள். பூமிக்கடியில் எரிமலைப் பாறை குறுக்கே குறுக்கே ஊடுருவி நிலக்கரிப் படுகையைத் துண்டுபோட்டிருந்தது, சுரங்கத்தை மூடவேண்டியதாயிற்று. அதன் பிறகு நிலக்கரி வெளியிலிருந்து லாரியிலும் ரயிலிலும் வருகிறது. அந்த வட்டாரச் சாலைகள் ஏன் அப்படிக் குழியும் பள்ளமுமாக இருக்கின்றன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இரவு முழுக்க லாரி போனால் தார் என்ன செய்யும்?

2014 நவம்பர் 1 அன்று அங்கே ஒரு பெரிய நிலக்கரிக் கொள்கலன் இடிந்து விழுந்தது. நாடு முழுக்க மின்வெட்டு. ஒரு மூலையில் கிடக்கிற சின்ன ஊர் என்கிறீர்கள், ஜோகன்னஸ்பர்க்கில் விளக்கு அணைவதும் எரிவதும் இந்த மூலையில் முடிவாகிறது.

ஊர் எப்படி? நேராகப் போகிற அகலமான தெருக்கள், பழைய மணற்கல் கட்டடங்கள் சில, டிராக்டர் உதிரிபாகக் கடை, சூப்பர் மார்க்கெட். மாதக் கடைசியில் சம்பளமும் உதவித்தொகையும் வரும்போது வங்கி வாசலில் வரிசை. மக்களில் பெரும்பான்மை ஆப்பிரிக்கர்கள், ஊருக்கு ஒட்டினாற்போல வுகுசாகே குடியிருப்பு. காதில் விழுவது ஜூலு, அப்புறம் ஆஃப்ரிகான்ஸ். நல்ல ஊர், ஆனால் ஏழு மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் கிடையாது.

செழியன்_தஞ்சை

மணி அண்ணே, அருமை. கொதிகலன் ஆள் சொன்னதும் என் கட்சிக்கு வலுதான். இந்த ஊருக்கு வருகிற எல்லாம் வேறு எங்கேயோ போகிற வழியில் வருவது.

கனகா சொன்ன வேலைநிறுத்தம்தான் தலைவரியை எதிர்த்து எல்லை தாண்டும் நடைப்பயணமானது. அதற்கு ஒரு பின்பக்கமும் உண்டு. 1913இல் சார்லஸ்டவுனில் மக்கள்தொகையே சுமார் 1,000. அங்கே ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் நியூகாசிலிலிருந்து சுமார் 58 கி.மீ. நடந்து வந்து இறங்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வீடுகளில் தங்க வைத்து, மற்றவர்கள் வெட்டவெளியில். உள்ளூர் இந்திய வியாபாரிகள் பாத்திரமும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். சமையலுக்குத் தலைமை காந்தி. சில நாள் பருப்பு தண்ணீர், சில நாள் சோறு வேகவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தொற்றுநோய் வந்தால் ஊர் தாங்காது என்று பயந்த சுகாதார அதிகாரி டாக்டர் பிரிஸ்கோ, விரட்டாமல் கூட நின்று உதவினார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வோல்க்ஸ்ரஸ்ட்டில் வெள்ளையர்கள் கூட்டம் போட்டு, உள்ளே வந்தால் சுடுவோம் என்றார்கள். அந்தக் கூட்டத்துக்கே போய் நின்று பேசினார் காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக். ஒருவர் சண்டைக்குக் கூப்பிட்டார். காலன்பாக் உடற்பயிற்சி செய்து முறுக்கேறிய ஆள். இருந்தும் நான் அடிக்க மாட்டேன் என்று சொல்லி, இவர்கள் உங்கள் நிலத்தைப் பிடிக்க வரவில்லை, வரிக்காகத்தான் நடக்கிறார்கள் என்று விளக்கினார். கூட்டம் கலைந்தது. அதே வோல்க்ஸ்ரஸ்ட்டில் ஒரு ஐரோப்பிய ரொட்டிக்கடைக்காரர் நடைப்பயணத்துக்கு ரொட்டி போட ஒப்புக்கொண்டு, சந்தை விலைக்கு மேல் வாங்காமல், எடை குறைக்காமல் வழிநெடுக ரயிலில் அனுப்பிவைத்தார். ஒரே தெருவில் இந்த இரண்டு மாதிரி மனிதர்களும் இருந்திருக்கிறார்கள்.

நவம்பர் 6, காலை ஆறரை. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஓடைக்கு அந்தப்பக்கம் குதிரைப் போலீஸ். காந்தி போலீஸோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் ஓடையைத் தாண்டிவிட்டது. ஊருக்குள் வரிசையாக நடந்தார்கள், ஒரு கல் கூட விழவில்லை.

கனகா_சே

ரொட்டிக்கடைக்காரரைப் பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு 20 மைலுக்கு மேல் நடக்கத் துணிந்தவர்களைப் பற்றி ஒரு வரி போதாதா? வழியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரில். மற்றது ஓடையைத் தாண்டும்போது தாயின் கையிலிருந்து நழுவி. தாய்மார்கள் திரும்பவில்லை, நடந்தார்கள். அந்தப் பெண்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் வரவில்லை.

பெயர் தெரிந்தவர் தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்த பெண், வயது 16. அவருக்கு 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது வோல்க்ஸ்ரஸ்ட் நீதிமன்றம். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். தமிழ்நாட்டில் அவர் பெயரில் தெரு, மண்டபம் எல்லாம் இருக்கிறது. தண்டனை கொடுத்த ஊரை யாராவது வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நடந்தவர்களை நவம்பர் 10 அன்று பால்ஃபரில் மடக்கி, ரயிலில் ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சிறையில் இடமில்லை. அதனால் சுரங்க வளாகங்களையே சிறை என்று அறிவித்து, சுரங்க மேஸ்திரிகளையே வார்டன் ஆக்கினார்கள். யாரை எதிர்த்து வேலையை நிறுத்தினார்களோ அவர்களிடமே சாட்டையைக் கொடுத்தாயிற்று.

நாகை_நம்பி

இடையில் ஒரு சின்னச் செய்தி. நவம்பர் 14 அன்று வோல்க்ஸ்ரஸ்ட்டில் காந்தி மீது நடந்த வழக்கு ஒரு வேடிக்கை. குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் சாட்சி வேண்டும் என்றது சட்டம். சாட்சி சொல்ல அரசுத் தரப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் காந்தியே தனக்கு எதிரான சாட்சியை ஏற்பாடு செய்து கொடுத்தார். பிறகு காலன்பாக்குக்கும் இன்னொரு தோழரான போலக்குக்கும் எதிராக அவரே சாட்சி. மூவருக்கும் தலா மூன்று மாதம். வக்கீலாக அவர் ஜெயித்த வழக்குகளில் இதையும் சேர்க்கலாம் என்பேன்.

அருள்_பிரிட்டோரியா

எல்லாவற்றையும் படித்தேன். போயர் இருக்கிறார், ஆங்கிலேயர் இருக்கிறார், இந்தியர் இருக்கிறார். அந்த மண்ணின் சொந்தக்காரர்கள் எங்கே? மணி ஒரு வரி எழுதினார், அவ்வளவுதான். மஜூபா என்பதே ஜூலுப் பெயர், புறாக்களின் மலை.

வோல்க்ஸ்ரஸ்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட நகராட்சியின் இன்றைய பெயர் டாக்டர் பிக்ஸ்லி கா இசாகா செமே. சும்மா வைத்த பெயர் இல்லை. செமே கொலம்பியாவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த வழக்கறிஞர். 1912 ஜனவரியில் ப்ளூம்ஃபோன்டைனில் பின்னாளைய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸைத் தொடங்க முன்நின்றவர். அதே ஆண்டு அவர் தொடங்கிய விவசாயிகள் சங்கம் வோல்க்ஸ்ரஸ்ட்டுக்கு வடக்கே, அன்றைய வாக்கர்ஸ்ட்ரூம் வட்டாரத்தில், டாகாக்ரால் பண்ணையை வெள்ளையரிடமிருந்து விலைக்கு வாங்கியது. ட்ரீஃபோன்டைனையும் வாங்கியது. ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பணம் கட்டிச் சொந்த மனைக்கு வந்தார்கள். வெள்ளை விவசாயிகளுக்கு அது பொறுக்கவில்லை. 1913 ஜூனில் நிலச்சட்டம் வந்தது, நாட்டின் நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டுக்கு வெளியே ஆப்பிரிக்கர் நிலம் வாங்க முடியாது. ஜூனில் அது, நவம்பரில் நீங்கள் சொல்கிற நடைப்பயணம். ஒரே வட்டாரம், ஒரே வருடம். இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று சேரவில்லை. 1908 சிறை அனுபவங்களை எழுதும்போது காந்தி ஆப்பிரிக்கக் கைதிகளைப் பற்றி என்ன மொழியில் எழுதினார் என்று படித்துப் பாருங்கள், ஏன் சேரவில்லை என்பதில் ஒரு பாதி அங்கேயே கிடைக்கும்.

சார்லஸ்டவுனையும் பாதியில் விட்டுவிட்டீர்கள் முத்து. ரயில் போனதும் வெள்ளையர் பலர் காலி செய்தார்கள். மனை விலை விழுந்தது. ஆப்பிரிக்கர்கள் பத்திரம் போட்டு வாங்கினார்கள். வீடு, பள்ளிக்கூடம், கொஞ்சம் மாடு. இனஒதுக்கல் அரசு வந்து அதற்கு 'கறுப்புப் புள்ளி' என்று பெயர் வைத்து, 1960களிலிருந்து அவர்களைப் பெயர்த்து நியூகாசில் பக்கம் மடடேனி, ஓசிஸ்வேனி குடியிருப்புகளுக்கு ஓட்டியது. சார்லஸ்டவுன் ரயிலால் சாகவில்லை. ரயில் பாதி, லாரியில் ஏற்றிக்கொண்டுபோன அரசு மீதி.

முத்து_டர்பன்

அருள் சொல்வது சரிதான். ட்ரீஃபோன்டைன் மக்களையும் 1980களில் அப்படியே ஓட்டப் பார்த்தார்கள். எதிர்த்துக் கூட்டம் போட்ட சால் ம்கிசே 1983 ஏப்ரலில் போலீஸால் சுடப்பட்டு இறந்தார். அதற்குப் பிறகுதான் அந்த ஊர் தப்பியது, 1985இல் அரசு பின்வாங்கியது. பத்திரம் கையில் இருந்தும் பிழைக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பாடில்லை. போயர்கள் என்றால் 'சுடுவோம்' என்று கத்தியவர்கள் என்ற ஒரே வரியில் முடிக்க முடியாது. 1900 ஜூனில் பிரிட்டிஷ் ஜெனரல் புல்லரின் படை வோல்க்ஸ்ரஸ்ட்டைப் பிடித்தது. பிறகு இங்கே ஒரு முகாம் வைத்து, எரிக்கப்பட்ட பண்ணைகளின் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்தார்கள். அம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அந்தக் குழந்தைகளைப் புதைத்த ஊர், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கைக்குழந்தையோடு வந்த தமிழ்ப் பெண்களைத் துப்பாக்கியோடு வரவேற்கத் தயாரானது. எனக்கு இன்னும் பிடிபடாத இடம் அதுதான்.

அருள்_பிரிட்டோரியா

பிடிபடாமல் என்ன இருக்கிறது? அடி வாங்கியவன் அடுத்தவனைப் புரிந்துகொள்வான் என்று எங்கே எழுதியிருக்கிறது? முகாமில் பட்டதை வைத்துத்தான் இனஒதுக்கலைக் கொண்டுவந்த கட்சி 1948இல் ஓட்டு வாங்கியது. போயர் முகாம்களுக்குப் பக்கத்தில் ஆப்பிரிக்கர்களுக்கென்று தனி முகாம்களும் நாடு முழுக்க இருந்தன. அந்தச் சாவுகளைப் பல காலம் யாரும் எண்ணக்கூட இல்லை.

கனகா_சே

இதில் அருள் பக்கம் நான். ஆனால் 'இரண்டு கூட்டமும் சேரவில்லை' என்பதை காந்தியின் கட்டுரையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சுரங்கத்தில் தமிழரும் ஜூலுக்களும் ஒரே குழிக்குள் வேலை செய்தவர்கள். தலைவர்கள் எழுதியது கிடைக்கிறது, குழிக்குள் பேசிக்கொண்டது கிடைக்கவில்லை.

குறிஞ்சி_பாலா

நல்ல இழை. ஒரு சில்லறைக் கேள்வி. டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் வருகிறேன், டர்பன் வரை காரில் போகலாம் என்று திட்டம். என்3 வழியாகப் போகாமல் இந்தப் பக்கம் சுற்றினால் பார்க்க என்ன இருக்கிறது?

முத்து_டர்பன்

காந்திக்காக வருகிறீர்கள் என்றால் ஏமாறுவீர்கள், பெரிதாகக் காட்ட ஒன்றும் வைத்திருக்கவில்லை. ரயில் நிலையம், பழைய தெருக்கள், முகாம் காலத்துக் கல்லறைகள். ஊரைவிட்டுத் தெற்கே இறங்கினால் சார்லஸ்டவுன். நின்று ஓடையைப் பாருங்கள். ஒரு தாவில் தாண்டிவிடலாம்போல இருக்கும். அப்புறம் மஜூபா மலை, அடிவாரப் பக்கம் 1881 சமாதானம் பேசிய ஓநீல் குடிசை. பிப்ரவரி 27ஐ ஒட்டி வந்தால் மலையில் ஆஃப்ரிகானர்கள் கொண்டாட்டம் நடத்துவார்கள், டிசம்பரில் கூட்டம் இருக்காது.

நேரம் இருந்தால் கிழக்கே வாக்கர்ஸ்ட்ரூம். சதுப்பு நிலம், புல்வெளி. ரட் வானம்பாடி என்கிற அருகிவரும் பறவையைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறது. வோல்க்ஸ்ரஸ்ட்டைவிட அங்கே தங்குமிடம் அதிகம்.

பாய்லர்_மணி

பாலா, மலை ஏறுவதென்றால் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். டிசம்பரில் மதியத்துக்கு மேல் இடிமழை பிடித்துக்கொள்ளும், உச்சியில் ஒதுங்க இடம் கிடையாது. பெட்ரோலை ஊருக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளுங்கள். லெய்ங்ஸ் நெக் இறக்கத்தில் மூடுபனி இருந்தால் லாரிக்குப் பின்னாலேயே போங்கள், முந்த வேண்டாம்.